வெறும் பாத்திரம்

என் மனைவி இறந்த நாலாம் நாள் மாலை, பக்கத்து வீட்டு அம்மையார் கொடுத்துவிட்டுப் போயிருந்த ஒரு பண்டத்தை, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு முன்னால் நின்றபடியே, பரிமாறும் கரண்டியாலேயே எடுத்துச் சாப்பிட்டேன். மக்ரோனியைச் சீஸில் குழைத்து ஓவனில் வைத்து எடுத்தது. மேலே பொன்னிறத்தில் முறுகலான ஏடு. அதைக் கரண்டியால் குத்தினால் உள்ளே சூடும் ஆவியும் குழைவும். முதல் கரண்டி பசிக்கு. இரண்டாவது எதற்கென்று தெரியவில்லை. மூன்றாவது கரண்டிக்கும் ஏழாவது கரண்டிக்கும் இடையில் எங்கோ, அவள் இறந்துவிட்டாள் என்பது என் ஞாபகத்தில் இல்லை.

அந்த இடைவெளியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். அதிகம் போனால் மூன்று நிமிஷம் இருக்கும். அதைத் தொடர்ந்து வந்த கூச்சம் இன்னும் முழுதாகத் தீர்ந்தபாடில்லை. அழுகை நின்றதற்கு யாரும் வெட்கப்படுவதில்லை. களைப்பால் நின்றது என்று பழியை உடம்பின்மேல் போட்டுவிடலாம். தூக்கத்தில் மறந்ததற்கும் அதே சமாதானம். நான் மறந்ததோ விழிப்பில், ருசியில். ருசிப்பது ஒருவகைச் சம்மதம். ஒன்றை ருசிக்கிற கணத்தில் மனிதன் இந்த உலகத்துக்குச் 'சரி' என்று சொல்லிவிடுகிறான். நாலு நாளைக்கு முன் அவளைப் பறித்துக்கொண்ட உலகத்துக்கு, வெண்ணெயும் பாலும் சேர்ந்த ஒரு குழைவுக்காக, நான் சரி சொல்லிவிட்டேன். ஆறுதல் அடைவது துரோகமா என்று இதைக் கேட்டால் நாடகத்தனமாகத் தொனிக்கிறது. ஆனால் வேறு விதமாகக் கேட்டுப் பார்த்தபோதெல்லாம் கேள்வி சற்று மழுங்கிப்போனதாகவே தோன்றியது.

நான் இருப்பது அமெரிக்காவில், வர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்டில். 2022 நவம்பரில் அவள் இறந்தாள். சாவு வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்கிற நம் வழக்கத்தை இங்கேயும் கைவிடாத சில தமிழ்க் குடும்பங்கள் முறைபோட்டுக்கொண்டு சாப்பாடு கொண்டுவந்தார்கள். இட்லி, ரசம், புளிக்காத மோர், வாழைக்காய்க் கறி. நன்றி கெட்டுச் சொல்லவில்லை. ஆனால் எதையும் இரண்டு வாய்க்குமேல் இறக்க முடியவில்லை. ரசத்தில் மிளகு தூக்கல் என்று நாக்கு சொல்லும். யாருடைய ரசத்தைவிடத் தூக்கல்? அவ்வளவுதான், கை நின்றுவிடும். நாற்பது வருஷம் ஒரே கையால் சாப்பிட்டவனுக்கு அந்த ஊர்ச் சமையல் முழுவதும் அந்த ஒரு கையின் ஞாபகமாக ஆகிவிடுகிறது. மற்றவர் செய்ததெல்லாம் அதன் பிழையான பிரதி.

மனிதனுக்கு ஆறுதல் தரும் சாப்பாடு எது என்று பேசுகிறவர்கள் எல்லோரும் பால்யத்தில் போய் நிற்கிறார்கள். அம்மா, பாட்டி, மழைநாள், குழைந்த சாதம். என் அனுபவம் இதற்கு நேர் எதிர். என்னால் சாப்பிட முடிந்த ஒரே பண்டம், எனக்கு எந்த ஞாபகமும் இல்லாத பண்டம். அவள் அதை ஒருபோதும் செய்ததில்லை. 'இங்கத்துக் குழந்தைகள் சாப்பாடு' என்று ஒதுக்கியிருந்தாள். ஆகவே அதில் அவள் இல்லை. அவள் இல்லாத ஒரு பண்டத்துக்குள் நான் மூன்று நிமிஷம் போய் ஒளிந்துகொண்டேன்.

கொண்டுவந்தவர் எழுபதைத் தாண்டிய கறுப்பினப் பெண்மணி. பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நாங்கள் இறைச்சி சாப்பிடாதவர்கள் என்பது வேலிக்கு இரண்டு பக்கமும் நின்று என் மனைவி அவரோடு பேசிய பேச்சில் அவருக்குத் தெரியும். அவர்கள் ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் கீரையில்கூட இறைச்சித் துண்டு கிடக்கும். இறைச்சி சேராத பெரிய பண்டம் இது ஒன்றுதான். துக்க வீட்டுக்குச் சமைத்து எடுத்துப்போவது இந்த நாட்டிலும் வழக்கம். அடுப்புத் தீட்டு என்ற கருத்து இல்லாமலேயே அது இருக்கிறது. கனத்த கண்ணாடிப் பாத்திரம், மேலே ஈயத்தாள், அடியில் ஒட்டுநாடாவில் பாத்திரத்துக்கு உரியவரின் பெயர். வாசலில் அவர் நின்றது இரண்டு நிமிஷம் இருக்காது. வருத்தம் தெரிவிக்கவில்லை. 350 டிகிரியில் இருபது நிமிஷம் வைத்தால் போதும், மேலே இருக்கிற தாளை எடுத்துவிட்டு வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அந்த நாலு நாளில் என்னிடம் பேசப்பட்ட பேச்சில் சரிபார்த்துக்கொள்ளக்கூடிய ஒரே வாக்கியம் அதுதான்.

பிளேட்டோவின் 'கோர்கியாஸ்' உரையாடலில் சாக்ரடீஸ் சமையலை ஒரு கலையாகவே ஒப்புக்கொள்வதில்லை. பழக்கத்தால் படிந்த வெறும் கைவாகு என்கிறார். முகஸ்துதியின் ஒரு கிளை. மருத்துவத்தின் வேஷத்தைப் போட்டுக்கொண்டு, உடம்புக்கு எது நல்லது என்று தனக்குத் தெரிந்தாற்போல் நடிப்பது. வைத்தியனும் சமையற்காரனும் குழந்தைகள் முன்னால் போட்டிக்கு நின்றால் வைத்தியன் பட்டினி கிடந்து சாகவேண்டியதுதான் என்பது அவர் கட்சி. அந்த மாலை நான் அந்தக் குழந்தைகளில் ஒருவன் என்பதை மறுக்கப்போவதில்லை. ஆனால் அதே உரையாடலில் சமையலுக்கு ஜோடியாக நிறுத்தப்படுவது பேச்சுக்கலை. அதுதான் அங்கே முதல் குற்றவாளி. சமையல் அதற்கு உவமையாக இழுத்துவரப்பட்டது. இரண்டையும் ஒரே கூண்டில் ஏற்றியது சரிதானா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. என்னிடம் சொல்லப்பட்டவை இவை: வேதனை இல்லாமல் போய்விட்டாள், நல்ல இடத்தில் இருப்பாள், காலம் ஆற்றிவிடும். முதலாவது உண்மையல்ல. நான் பக்கத்தில் இருந்தவன். இரண்டாவது, சொன்னவர்களுக்கே தெரியாது. மூன்றாவது உண்மையாக இருக்கக்கூடும் என்பதுதான் அதன் குரூரம். மக்ரோனி எதையும் சொல்லவில்லை. பொய் சொல்வதற்கு முதலில் ஏதாவது சொல்லியாக வேண்டுமே.

இந்த வாதம் சில மாதங்களுக்கு எனக்குப் போதுமாக இருந்தது. பிறகு அதன் சௌகரியமே உறுத்த ஆரம்பித்தது. பண்டம் பொய் சொல்லவில்லை, சரி. மறந்தது பண்டம் அல்லவே.

இலியத்தின் 24ஆம் காண்டத்தில், மகனின் பிணத்தை மீட்டுப்போக வந்த கிழவன் பிரியமை அக்கிலிஸ் சாப்பிடச் சொல்கிறான். பன்னிரண்டு குழந்தைகளைப் பறிகொடுத்த நியோபேகூட அழுது களைத்தபின் உணவை நினைத்தாள் என்று அவன் எடுத்துக்காட்டு சொல்கிறான். துக்கத்துக்கும் பசிக்கும் பகையில்லை என்பதற்கு இதைவிடப் பழைய சாட்சி எனக்குத் தெரியாது. இந்த இடத்தை மேற்கோள் காட்டுகிறவர்கள் பெரும்பாலும் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சாப்பாடு போடுகிறவன் யார்? ஹெக்டரைக் கொன்றவன். தேரில் கட்டி இழுத்தவன். அந்தக் கையிலிருந்து வாங்கித்தான் பிரியம் சாப்பிடுகிறான். சாப்பிட்டு முடித்தபின் இருவரும் ஒருவரையொருவர் பார்த்து வியக்கவும் செய்கிறார்கள். ஆறுதலுக்குக் கை உண்டு, அந்தக் கைக்குச் சரித்திரம் உண்டு என்பதை ஹோமர் மறைக்கவில்லை. நான்தான் ஞாபகமே இல்லாத பண்டம் என்று ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டதாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

கிசா கோதமியின் கதையிலும் இப்படிப் பார்க்காமல் விடப்படுகிற ஒன்று இருக்கிறது. செத்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருந்து கேட்டு வந்தவளை, சாவு நிகழாத வீட்டிலிருந்து கடுகு வாங்கிவரச் சொல்லி அனுப்புகிறார் புத்தர். வீடு வீடாகப் போய் அவள் உண்மையைத் தெரிந்துகொள்கிறாள். அறிவினால் வந்த ஆறுதல் இது; சாக்ரடீஸுக்குப் பிடித்திருக்கும். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. எல்லா வீட்டிலும் கடுகு இருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் யாரோ ஒரு பெண் கடுகை அள்ளிக்கொண்டு வாசலுக்கு வந்திருப்பாள். அவர்களில் ஒருத்தியாவது, உள்ளே வா, ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போ என்று சொல்லாமலா இருந்திருப்பாள்? கதைக்கு அது தேவைப்படவில்லை.

கண்ணாடிப் பாத்திரம் என்னிடமே இருந்தது. ஒருவர் வீட்டுப் பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது என்பது என் அம்மா எனக்குள் போட்டுப் பூட்டிவைத்த விதிகளில் ஒன்று. நாலு பழம், இரண்டு முறுக்கு, ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரை. எதைப் போட்டுத் தருவது என்று தெரியாமல் முதல் மாதம் போயிற்று. அதன்பின் தாமதமே காரணமாகிவிட்டது. அடியிலிருந்த நாடாவில் பெயரின் மை கொஞ்சம் மங்கியது. 2024 ஏப்ரலில் அந்த அம்மையாரின் தங்கை இறந்துபோனார். இருவரும் ஒரே வீட்டில் இருந்தவர்கள். அந்தப் பாத்திரத்தில் அந்தப் பண்டத்தையே செய்து கொண்டுபோய்க் கொடுப்பதென்று தீர்மானித்தேன். படித்துவிட்டுச் செய்வது என் வியாதி. ஆகவே முதலில் படித்தேன்.

ரிச்மண்டிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகப் போனால் மாண்டிசெல்லோ வருகிறது. மனிதர் எல்லோரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று 1776இல் எழுதிய தாமஸ் ஜெஃபர்ஸனின் மலை வீடு. அவர் தம் வாழ்நாளில் அறுநூறுக்கு மேற்பட்ட மனிதர்களை உடைமையாக வைத்திருந்தார். அவர்களில் ஒருவர் ஜேம்ஸ் ஹெமிங்ஸ், 1765இல் பிறந்தவர். ஜெஃபர்ஸனின் மனைவிக்கும் இவருக்கும் தகப்பன் ஒருவனே. 1784இல் ஜெஃபர்ஸன் பிரான்சுக்குப் போனபோது, பிரெஞ்சுச் சமையலைக் கற்பதற்காகவே இவரைக் கூட்டிச் சென்றார். பாரிஸில் பெரிய சமையலறைகளில் பழகி, தூதரின் வீட்டுத் தலைமைச் சமையற்காரராக உயர்ந்தார். அந்த மண்ணில் விண்ணப்பித்திருந்தால் சட்டப்படி விடுதலை கிடைத்திருக்கக்கூடும். ஆனால் 1789இல் திரும்பிவிட்டார். 1793இல் ஜெஃபர்ஸன் ஒரு காகிதத்தில் எழுதிக் கையெழுத்திட்டார்: சமையல் கற்பிக்க நான் நிறையச் செலவு செய்திருக்கிறேன், நான் காட்டுகிற ஆளுக்கு அந்த வித்தையைக் கற்றுக்கொடுத்து அவனை நல்ல சமையற்காரனாக்கினால் விடுதலை தருவேன் என்பது அதன் சாரம். ஜேம்ஸ் தன் தம்பி பீட்டருக்கே கற்றுக்கொடுத்தார். 1796 பிப்ரவரியில் விடுதலை பெற்றார். போவதற்குமுன் சமையலறைச் சாமான்களுக்கு ஒரு பட்டியல் எழுதி வைத்துவிட்டுப் போனார். செம்புச் சட்டிகள், மூடிகள், அச்சுகள். அவர் கையெழுத்திலேயே இன்றும் இருக்கிறது. தம்பி அடிமையாகவே அந்த அடுப்படியில் நின்றார்.

ஒரு வித்தையைக் கையளிப்பதுதான் தன் விலை. வாங்கிக்கொள்கிற கை தம்பியின் கை. இதை நான் பலமுறை படித்தேன். குருசிஷ்ய பரம்பரை என்று நாம் நெகிழ்ந்து பேசுகிற சொல் இந்த இடத்தில் எப்படி நாறுகிறது என்று பாருங்கள்.

1801இல் ஜெஃபர்ஸன் ஜனாதிபதியானபோது ஹெமிங்ஸைச் சமையலுக்கு அழைத்தார், பிறர் மூலமாக. தமக்கு நேரடியாக எழுதி அழைத்தால் யோசிக்கலாம் என்று ஹெமிங்ஸ் தெரிவித்தார். அந்தக் கடிதம் வரவில்லை. அதே வருஷம் பால்டிமோரில் தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டார் என்று ஜெஃபர்ஸனுக்குச் செய்தி வந்தது. வயது 36. அடுத்த பிப்ரவரியில் ஜனாதிபதியின் விருந்தில் 'மக்ரோனி' என்றொரு பண்டம் பரிமாறப்பட்டது என்றும், காரமும் நெடியுமாகத் தனக்குப் பிடிக்கவில்லை என்றும் மனாஸே கட்லர் என்ற பாதிரி, காங்கிரஸ் உறுப்பினர், நாட்குறிப்பில் எழுதுகிறார். பிடிக்கவில்லை! பாலும் சீஸும் சேர்த்துச் சுட்ட மக்ரோனியை இந்த நாட்டுக்குக் கொண்டுவந்தவரே ஹெமிங்ஸ்தான் என்று இப்போது பரவலாகச் சொல்கிறார்கள். அப்படி நிரூபிக்க ஆதாரம் கிடையாது. சீஸ் சேர்த்த மக்ரோனி இங்கிலாந்தில் 1769இல் வந்த எலிசபெத் ரஃபால்டின் சமையல் புத்தகத்திலேயே இருக்கிறது. ஒடுக்கப்பட்டவருக்கு அவர் செய்யாததையும் சூட்டி மாலை போடுவது நம் குற்றவுணர்வின் இன்னொரு சௌகரியம். அவர் செய்தது நிச்சயமாகத் தெரிகிறது, அதுவே போதும். 1824இல் மேரி ராண்டால்ஃப், ஜெஃபர்ஸன் குடும்பத்தோடு சம்பந்தம் உள்ளவர், ரிச்மண்டில் விடுதி நடத்தியவர், 'வர்ஜீனியா ஹவுஸ்வைஃப்' என்ற புத்தகத்தைக் கொண்டுவந்தார். அதில் மக்ரோனியைப் பாலும் தண்ணீரும் கலந்து வேகவைத்து, சீஸும் வெண்ணெயும் அடுக்கி ஓவனில் வைக்கச் சொல்கிறது. எழுதிய கை ஒன்று, கிளறிய கைகள் வேறு. எழுதப்படாமல் அந்தக் கைகளிலிருந்து கைகளுக்குப் போய், ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் நன்றி நாளுக்கும் சாவு வீட்டுக்கும் உரியதாகி, என் வாசலுக்கு வந்தது. 1937இல் கிராஃப்ட் கம்பெனி அதை அட்டைப்பெட்டியில் அடைத்து நாலு பேர் சாப்பாடு 19 சென்ட் என்று விற்றது வேறு கிளை. அந்தப் பெட்டியைத்தான் என் மனைவி குழந்தைகள் சாப்பாடு என்றாள்.

ஆக நான் ஒளிந்துகொண்ட இடம் காலியான இடம் அல்ல. இது தெரிந்தபின் என் கூச்சம் இரட்டித்தது. நான் இந்தக் கணக்கில் எந்தப் பக்கமும் இல்லாத வெளியூர்க்காரன் என்று சொல்லிக்கொண்டு தப்பிக்கவும் வழியில்லை. எங்கள் ஊர் வீட்டில் நெல் குத்த வந்த பெண்ணுக்குக் கொல்லைப்புறத்தில், எட்ட இருந்து, எல்லோரும் சாப்பிட்டு முடிந்தபின் மிச்சம் ஊற்றப்படும். அவள் குத்திய அரிசியில் பொங்கிய சோறுதான் என் பால்யத்தின் ஆறுதல். குழைந்த சாதம், மழைநாள், பாட்டி என்று நான் மேலே சற்று ஏளனமாகச் சொன்ன அந்த ஞாபகத்தில் அவள் முகம் இல்லை. எவ்வளவு முயன்றும் எனக்கு அவள் முதுகுதான் நினைவுக்கு வருகிறது.

இப்போது சமையலுக்கு வருகிறேன். அம்மையாரிடம் முன்பு ஒருமுறை செய்முறை கேட்டிருந்தேன். அளவெல்லாம் கிடையாது, பார்த்தால் தெரியும் என்றார். பார்த்தால் தெரிவதற்கு அறுபது வருஷம் பார்த்திருக்க வேண்டும். நான் நூலகத்துப் புத்தகத்தை நம்பினேன். ஒரு பவுண்டு மக்ரோனி, ஏறத்தாழ அதே எடைக்கு முதிர்ந்த செடார் சீஸ், வெண்ணெய், மைதா, நாலு கோப்பைப் பால், ஒரு சிறு கரண்டி கடுகுப் பொடி. கடுகைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டேன். எங்கே போனாலும் இதை வாங்கிவரச் சொல்கிறார்கள்.

முதல் தடவை கெட்டுப்போயிற்று. வெண்ணெயில் மைதாவை வறுத்துப் பாலை ஊற்றிக் கொதிக்கவிட்டு, கொதிக்கும்போதே சீஸைக் கொட்டினேன். கண்ணெதிரே அது மணல்மணலாகத் திரிந்து, மேலே எண்ணெய் மிதந்தது. சீஸில் புரதம்தான் வலை. கொழுப்பையும் நீரையும் அது பிடித்துவைத்திருக்கிறது. சூடு மிஞ்சினால் வலை தன்னைத் தானே இறுக்கிக்கொண்டு, பிடித்திருந்ததையெல்லாம் வெளியே தள்ளிவிடுகிறது. மாவு நடுவில் நின்று அந்த இறுக்கத்தைத் தடுக்க வேண்டும். அதற்கும் ஒரு எல்லை இருக்கிறது. அடுப்பிலிருந்து இறக்கி, கொதி அடங்கியபின், கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கிளற வேண்டும். அவசரப்பட்டு ஆறுதல் சொல்ல வந்தவர்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். உவமை என்னை இழுக்கிறது, விட்டுவிடுகிறேன். திரிந்ததைக் கொட்டிவிட்டு மறுபடி ஆரம்பித்தேன்.

அவர் செய்ததில் முட்டை இருந்திருக்க வேண்டும் என்பது அப்போதுதான் தெரிந்தது. அவர்கள் வீடுகளில் பெரும்பாலும் முட்டை அடித்துச் சேர்த்துத்தான் அதைக் கத்தியால் வெட்டி எடுக்கிற பதத்துக்கு இறுகவைக்கிறார்கள். அன்று நான் சாப்பிட்டதும் துண்டாகத்தான் வந்தது. இறைச்சி இல்லை என்பதை நினைவு வைத்துக்கொண்டவருக்கு முட்டையும் எங்களுக்கு ஆகாது என்று தெரிந்திருக்க நியாயமில்லை. தெரியாமல் தின்றதற்கு எனக்கு வருத்தமில்லை. ஆனால் தெரிந்தே என் கையால் உடைப்பது வேறு. 67 வயதில் முதன்முறையாக ஒரு முட்டையைக் கிண்ணத்தின் விளிம்பில் தட்டினேன்; ஓடு பாதி உள்ளே விழுந்து அதை விரலால் துழாவி எடுக்க வேண்டியதாயிற்று. முட்டை இல்லாமலே செய்திருக்கலாம். கறிவேப்பிலை, கடுகு தாளித்துக் கொட்டி, பச்சை மிளகாய் கீறிப் போட்டு என் பண்டமாகவே ஆக்கிக் கொடுத்திருக்கலாம். அது எனக்குச் சுலபம், இங்கே அப்படிச் செய்து பாராட்டு வாங்குகிறவர்களும் உண்டு. ஆனால் தங்கையைப் பறிகொடுத்தவருக்கு என் நாக்கைக் கொண்டுபோய்க் கொடுப்பதில் என்ன இருக்கிறது? ஊரார் கொண்டுவந்த ரசம் எனக்குச் செய்ததையே, ஏறத்தாழ அதே ஆனால் அது அல்ல என்கிற வதையை, நான் அவருக்குச் செய்யப்போகிறேன் என்பதும் தெரிந்தேயிருந்தது. எனக்கு அது ஞாபகமற்ற பண்டமாக இருந்ததால் தேறினேன். அவருக்கோ அதில் தங்கை, அம்மா, அதற்கும் முந்தியவர்கள் எல்லோரும் இருப்பார்கள். நியாயமாகப் பார்த்தால் நான் வேறு எதையாவது செய்திருக்க வேண்டும். அந்தப் பாத்திரம் வேறு எதற்கும் இடம் கொடுக்கவில்லை.

மக்ரோனியை முக்கால் வேக்காட்டில் வடித்துவிட வேண்டும். மிச்சத்தை அது ஓவனில் பாலைக் குடித்துக்கொண்டே வேகும். கலந்து, பாத்திரத்தில் பரப்பி, மேலே சீஸைத் தூவி, 350 டிகிரி. அது உள்ளே இருந்த முக்கால் மணி நேரமும் நான் ஓவனின் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தேன். ஓரங்களில் முதலில் கொதி வந்தது. பிறகு நடுவில். ஏடு வெளுப்பிலிருந்து மஞ்சளாகி, ஓரம் பழுப்பாகிக்கொண்டு வந்தது. உப்புப் போட்டேனா என்று ஒரு சந்தேகம். சிவந்துவிடுமா, கருகிவிடுமா. எடுத்து வெளியே வைத்தபின் பத்து நிமிஷம் அது ஆறி இறுக வேண்டும், அதுவரை தொடக்கூடாது. அந்தப் பத்து நிமிஷத்தில்தான் கவனித்தேன், காலையிலிருந்து என் மனைவியை நான் நினைக்கவேயில்லை.

இந்த மறதிக்குக் கூச்சம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஏன் என்று எனக்கே சரியாகப் பிடிபடவில்லை. நாலாம் நாள் நான் மறந்தது அவளை. இன்று அவளோடு சேர்த்து என்னையும் மறந்துவிட்டேன், அதனால் இருக்கலாம். ஆனால் அதைவிட முக்கியமான ஒன்று தட்டுப்பட்டது. நான் அந்த ஏட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் எதை வேண்டிக்கொண்டிருந்தேன்? அவர் இதைச் சாப்பிட வேண்டும், சாப்பிடுகிறபோது ஒரு மூன்று நிமிஷம் தங்கை செத்தது அவர் ஞாபகத்தில் இருக்கக்கூடாது என்று. அப்படியானால் நான் அவரைத் துரோகத்துக்குத் தூண்டுகிறேன். என்னிடம் எதைக் குற்றம் என்று இத்தனை நாள் விசாரித்துக்கொண்டிருந்தேனோ, அதையே அவருக்கு வெண்ணெய் தடவி எடுத்துப்போகிறேன். இதே ஏட்டை இதேபோல் பார்த்துக்கொண்டு அவரும் 2022 நவம்பரில் இதையே எனக்காக வேண்டியிருப்பார். வாசலில் வருத்தம் தெரிவிக்காமல் போனது, அந்த மூன்று நிமிஷத்தைக் கெடுத்துவிடக் கூடாது என்றும் இருக்கலாம். என் மறதி என் ஒருவனுடைய சொத்து, என் ஒருவனுடைய பாவம் என்று நான் எண்ணியிருந்தது அகங்காரம். அதில் இன்னொருவருக்குப் பங்கு இருந்தது. அவர் தெரிந்தே அதை எனக்காகச் செய்து வைத்தார். சாக்ரடீஸ் இதற்கும் முகஸ்துதி என்று பெயர் வைப்பாரா என்று தெரியவில்லை. முகஸ்துதி செய்கிறவன் பதிலுக்கு எதையோ எதிர்பார்க்கிறவன். இவர் பாத்திரத்தைக்கூடத் திருப்பிக் கேட்கவில்லை.

ஜேம்ஸ் ஹெமிங்ஸின் கணக்கை இது தீர்க்காது. தம்பியின் கையில் கரண்டியைக் கொடுத்துவிட்டு மலையிறங்கியவருக்கு யார் எதைக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்? எங்கள் கொல்லைப்புறத்துப் பெண்ணின் வீட்டுச் சாவுக்கு எங்கள் வீட்டிலிருந்து எந்தப் பாத்திரமும் போனதில்லை. போயிருந்தால் எனக்கு நினைவிருக்கும்.

மாலை ஐந்து மணிக்குத் துணியைச் சுற்றிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனேன். கதவைத் திறந்தவர் என்னைப் பார்க்குமுன் பாத்திரத்தைத்தான் பார்த்தார். இது எங்கே போயிற்று என்று தேடிக்கொண்டிருந்தேன் என்றார். உள்ளே கூப்பிட்டார். கூடத்தில் தங்கையின் நாற்காலி இருந்தது; அதில் மடித்த துணிகள். பாத்திரத்தை மேஜையில் வைத்து, தாளை நீக்கி, ஏட்டை விரல் நுனியால் இரண்டு இடத்தில் அழுத்திப் பார்த்தார். ஒரு கரண்டி எடுத்து வந்து, ஓரத்தில், நன்றாகப் பழுப்பேறிய இடத்தில் வெட்டி, நின்றபடியே வாயில் போட்டுக்கொண்டார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். இரண்டாவது கரண்டியும் எடுத்தார்.

உப்புப் போதாது என்றார். அலமாரியிலிருந்து உப்பை எடுத்துக்கொண்டு, இன்னொரு கரண்டியை என் பக்கம் நீட்டினார்.